பிரகாசிக்கு வராத சீட்டி

எங்கள் சவேரியார்துறையில் ஓங்கில்கள் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில், வள்ளங்கள் கரைபிடித்து, ஆட்கள் வலையிலிருந்து சாளை மீனை உதறிக்கொண்டிருந்த நேரம், நான் கரையோரத்து என் டீக்கடையில் இரண்டாவது பாலைக் காய்ச்சி இறக்கியிருந்தேன், அப்போது கடலுக்குள்ளிருந்து நீளமாக ஒரு சீட்டிச் சத்தம் வந்தது, அதைக் கேட்டதும் தொம்மை அண்ணன் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு, "என்ன?" என்று கடலைப் பார்த்துக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அது தொம்மை அண்ணனுடைய பேர்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஓங்கில் என்றால் நீங்கள் புத்தகத்தில் டால்பின் என்று படிப்பது. எங்கள் கடலில் அவை எப்போதும் உண்டு. வலையில் ஓங்கில் மாட்டினால் வலை போனால் போகட்டும் என்று அறுத்துவிட்டு அனுப்பி வைப்போம், எங்கள் அப்பாக்களும் அப்படித்தான் செய்தார்கள், அதற்காக அவை எங்களுக்கு ஏதாவது செய்யும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பது ஓங்கில்கள் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொன்றாக, நிதானமாக, ஊர் முழுவதையும் கூப்பிட்டன. தொம்மை அண்ணனுக்கு அடுத்து உபதேசியார் சூசை, அவருக்கு அடுத்து ஐஸ் உடைக்கிற மிக்கேல், அடுத்து நான். என்னுடையது கனமாகத் தொடங்கி, நடுவில் கொஞ்சம் நின்று யோசித்து, பிறகு சடாரென்று மேலே ஏறும். என்னைத் தெரிந்தவர்கள், "மெட்டில்டாவுக்குச் சரியாத்தான் வச்சிருக்கு" என்றார்கள். அது எப்படி உன் பேர் என்று தெரிந்தது என்று வெளியூர்க்காரர்கள் என்னைத் துருவித் துருவிக் கேட்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டால் எப்படித் தெரிகிறதோ அப்படித் தெரிந்தது. நம்பாதவர்கள் வேறு கடையில் டீ குடித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் முழுக்க ஊரில் வேறு பேச்சே இல்லை. பங்குச் சாமியார் ஞானராஜ் யோசித்து யோசித்து, ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒவ்வொருவர் பேருக்குப் பக்கத்திலும் அவரவர் சீட்டியை ஏற்ற இறக்கமாகக் கோடு போட்டு எழுதி வைக்கச் சொன்னார். ஆனால் பென்சிலால்தான் எழுதவேண்டும், மேலிடத்திலிருந்து யாராவது வந்து கேட்டால் அழித்துவிடலாம் என்றார். உபதேசியார் சூசை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஊரில் உள்ள எல்லாருக்கும் கோடு போட்டார். அதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய கோடு கட்டை விரல் அளவுதான் இருக்கிறது, கொழுந்தியாளுடையது மட்டும் பக்கத்தின் ஓரம்வரை போகிறதே என்று சந்தனமேரி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வருகைப்பதிவுக்கு "உள்ளேன் டீச்சர்" சொல்வதை நிறுத்திவிட்டு அவரவர் சீட்டியை அடித்தார்கள். இதெல்லாம் ஒரே வாரத்தில் பழகிப்போனது. ஊர் என்பது எதற்கும் பழகிக்கொள்ளும், கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு.

சண்டை வந்தது பொம்பளைகள் விஷயத்தில். ஓங்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சும்மா இருக்கக்கூடாது, நம்முடைய சீட்டியை நாமே திருப்பி அடிக்கவேண்டும், அப்போதுதான் "இருக்கேன், கேட்டது" என்று அதற்கு அர்த்தம். ஆம்பளைகள் அடித்தார்கள். எங்கள் ஊரில் பொம்பளைகள் சீட்டியடிக்கக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு, யார் போட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் பெண்டாட்டி பேருக்குப் புருஷனும், மகள் பேருக்கு அப்பனும் பதில் கொடுத்தார்கள். பாவம், ஓங்கில்கள் குழம்பிப்போயின. சந்தனமேரியைக் கூப்பிட்ட ஓங்கில், பதில் வந்த திசையில் கரை ஒதுங்கிப் பார்க்கும், அங்கே மீசையோடு அவள் புருஷன் நிற்பான், அது ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போகும். நாலாம் நாள் அவை பொம்பளைகள் யாரையும் கூப்பிடவில்லை. அன்றைக்குக் கரை முழுவதும் ஏதோ பாதி ஊர் செத்துப்போன மாதிரி இருந்தது, எனக்குச் சொல்லத் தெரியாத துக்கமாக இருந்தது, டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். காலை ஆறு மணி முதல் ஏழு மணிவரை, கடற்கரையில் மட்டும், பொம்பளைகள் சீட்டியடித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மறுநாள் காலையில் நாங்கள் அடித்த சீட்டியில் காக்காயெல்லாம் பறந்து ஓடியது. அப்புறம் எங்கே ஆறு, எங்கே ஏழு. மாவு அரைக்கும்போதும் அடித்தோம், தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போதும் அடித்தோம்.

ஆனால் ஊரில் ஒருத்திக்கு மட்டும் சீட்டி வரவேயில்லை. அவள் பேர் பிரகாசி, வயது பதினொன்று, ஆறாம் வகுப்பு. அப்போதுதான் பிறந்திருந்த பச்சைப்பிள்ளைக்கு வந்துவிட்டது, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த அறிவியல் டீச்சர் கஸ்தூரிக்குக்கூட வந்துவிட்டது, பிரகாசிக்கு இல்லை. உபதேசியாரின் பென்சில் கோடு எல்லாப் பேருக்கும் பக்கத்தில் இருந்தது, அவள் பேருக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருந்தது. வருகைப்பதிவில் மற்றவர்கள் சீட்டியடிக்க, அவள் மட்டும் "உள்ளேன் டீச்சர்" என்றாள். பிள்ளைகள் கேலி செய்யவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் பால் வாங்க வந்தவள் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள்.

"பெரியம்மா, நான் இந்த ஊருப் பிள்ளைதானே?"

"ஏட்டி, என்ன கேள்வி இது? நீ பொறந்தப்போ உன்னைக் குளிப்பாட்டுனதே நாந்தான்."

"அப்போ என்னத்துக்கு என்னை மட்டும் விட்டுட்டு?"

ஒரு ரசவடையை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தின்னாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு போனாள்.

அவளுடைய அம்மா அமலோற்பவத்துக்கோ, மகளுக்குச் சீட்டி வராதது பெரிய நிம்மதி. அதற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் கஸ்பார் நாலு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனான். வள்ளம் வந்தது, ஆள் வரவில்லை. அன்றிலிருந்து அமலோற்பவம் என் கடை நிழலில் உட்கார்ந்து மீன் விற்கிறாள், ஆனால் கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். என் கடைக்குப் பின்வழியாக வந்து போவதைத் தவிர மகளைக் கரைப்பக்கமே விடமாட்டாள். பள்ளிக்கூடத்துக்குக்கூடப் பின்தெரு வழியாகச் சுற்றித்தான் அனுப்புவாள், வீட்டில் கடலைப் பார்த்த கிழக்கு ஜன்னல் ரெண்டையும் ஆணி அடித்து மூடிவிட்டாள்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை, ஓங்கில்கள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்த பிறகு, கடைசியாக ஒரு சீட்டி வந்தது. யாரும் பதில் கொடுக்கவில்லை. தொம்மை அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் தெரிந்துவிட்டது. அது கஸ்பாருடைய பேர். அதற்குப் பிறகு தினமும் காலையில் கடைசியாக அந்தச் சீட்டி வரும், வந்ததும் ஆம்பளைகள் தலைத்துண்டை எடுப்பார்கள், பொம்பளைகள் சிலுவை போட்டுக்கொள்வோம், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மீன் விலை பேசுவோம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. ஓங்கில்கள் தங்களோடு இருந்தவர்களின் சீட்டியை இருபது வருஷமானாலும் மறப்பதில்லை என்று கஸ்தூரி டீச்சர் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொன்னாள். எங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. அமலோற்பவத்துக்கு அது பயமாகப் போய்விட்டது.

"கடலுக்கு அவரு பேரு தெரிஞ்சிருக்கு, அதான் கூப்பிட்டு எடுத்துக்கிட்டு," என்றாள் என்னிடம். "எம்மவ பேரு அதுக்குத் தெரிய வேண்டாங்க்கா. தெரியாமலே இருக்கட்டும்."

அமலோற்பவத்துக்கும் ஒரு சீட்டி வந்திருந்தது, சின்னதாக, மெதுவாக இறங்குகிற சீட்டி. அவள் அதற்கு ஒருநாளும் பதில் கொடுத்ததில்லை. காதில் விழாதது மாதிரி தராசைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அப்படியும் அவை அவளை விடாமல் தினமும் கூப்பிட்டன.

மே மாதம் வந்தது, பள்ளிக்கூடம் லீவு, கஸ்தூரி டீச்சர் சனிக்கிழமை மட்டும் ஒரு வகுப்பு வைத்தாள், பிள்ளைகள் கடலே கதி என்று கிடந்தார்கள். பதில் கொடுத்த பிள்ளையின் பக்கத்தில் ஓங்கில் வந்து நிற்கும், கொஞ்சம் தள்ளிப் போகும், திரும்பிப் பார்க்கும், வா என்கிற மாதிரி. இப்படித்தான் எங்கள் பிள்ளைகள் நீந்தப் படித்தார்கள். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் எப்போதும் நீந்துவார்கள், பெண்பிள்ளைகள் முழங்கால் தண்ணீரோடு சரி. அந்த வருஷம்தான் அவர்களும் நீந்தினார்கள். கஸ்தூரி டீச்சர் கம்மாய்கூடச் சரியாகப் பார்க்காத ஊரில் பிறந்தவள், அவள் சுடிதாரோடு, இடுப்பில் காலி மண்ணெண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அவளைப் பார்க்க ஓங்கில்கள் தனியாக ஒரு வரிசை கட்டி வந்தன என்று பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவர்கள் கற்றுக்கொண்டது நீச்சல் மட்டும் இல்லை. ஓங்கிலைத் தொடக்கூடாது, அதுவாக வந்து உரசினால் பேசாமல் இருக்கவேண்டும். தலைமேல் உள்ள ஓட்டை அதனுடைய மூக்கு, அதன்மேல் தண்ணீர் அடிக்கக்கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் ஒருநாளும் போகக்கூடாது. மீனைப் போட்டுப் பழக்கக்கூடாது, அது பிச்சை எடுக்க வந்தது இல்லை. இதையெல்லாம் பிள்ளைகள் தண்ணீரில் தெரிந்துகொண்டு வந்து சனிக்கிழமை வகுப்பில் சொல்வார்கள், கஸ்தூரி டீச்சர் நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடிப் புத்தகத்தில் சரிபார்ப்பாள். அது மீன் இல்லை, மாட்டைப் போல, நம்மைப் போலப் பால் கொடுக்கிறது. தூங்கும்போது பாதி மூளைதான் தூங்கும், மற்ற பாதி மூச்சு விடுவதற்காக விழித்திருக்கும், ஒரு கண் திறந்திருக்கும். அது டிக் டிக் என்று சத்தம் அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியை வைத்து எதிரில் இருப்பதைத் தெரிந்துகொள்கிறது, அந்த எதிரொலியைக் கீழ்த்தாடையால் கேட்கிறது. தாடையாலா என்று நான் என் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் இப்படிப் படித்தாள்: ஓங்கில் குட்டிக்கு யாரும் பேர் வைப்பதில்லை, குட்டி பிறந்து சில மாதங்களில் தனக்கென்று ஒரு சீட்டியை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது, மற்றவை அதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, அப்புறம் அதை வைத்தே கூப்பிடுகின்றன. குட்டி பிறக்கிற சமயத்தில் தாய் தன்னுடைய சீட்டியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்கும், இதுதான் நான், இங்கேதான் இருக்கிறேன் என்று.

பிரகாசி எழுந்து நின்றாள். "அப்போ நம்ம பேரை அதுங்க வைக்கலையா டீச்சர்?"

டீச்சருக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லாரும் அவரவர் சீட்டி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தார்கள். தொம்மை அண்ணனுடையது, கயிறு இழுக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. என்னுடையது, காலையில் கரையைப் பார்த்து "டீ ரெடி" என்று நான் கத்துகிற கத்தல். பச்சைப்பிள்ளையுடையது அது பசிக்கு அழுகிற அழுகை. இத்தனை வருஷமாக அவை தண்ணீருக்குள் இருந்துகொண்டு எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. யார் எங்களை அவ்வளவு கவனித்துக் கேட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிரகாசிக்கும் தன் விஷயம் புரிந்துவிட்டது. நாலு வருஷமாக அவள் கரைக்கு வரவில்லை, அதற்கு முன்னால் வந்தபோதும் வாயே திறக்காமல் அம்மா சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். அவளை அவை கேட்டதே இல்லை.

அவள் நேராக அம்மாவிடம் வந்தாள், என் கடை வாசலில் வைத்தே கேட்டாள். "எம்மா, என்னை ஒரே ஒரு நாள் தண்ணிக்குள்ள விடுங்க. நான் யாருன்னு அதுங்ககிட்ட சொல்லிட்டு வந்துருதேன்."

"வேண்டாம்."

"எல்லாரையும் தெரியுது, என்னை மட்டும் தெரியல."

"தெரியாததுதான் நல்லது. பேரு சொல்லிக் கூப்பிட்டா போகணும். உங்கப்பா போனாருல்ல?"

"அப்பாவ இன்னமும் கூப்பிடுது. மறக்கல. என்னை மறக்கணும்னாக்கூட மொதல்ல தெரிஞ்சிருக்கணுமே."

அமலோற்பவம் மகளை அடித்துவிட்டாள். அதற்குமுன் ஒருநாளும் அடித்ததில்லை. அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவளே அழுதாள். நான் ரெண்டு பேருக்கும் டீ போட்டேன், யாரும் குடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில், பள்ளிக்கூடத்துக்கு என்று பின்தெரு வழியாகக் கிளம்பிய பிரகாசி, பையைக் கோயில் சுவரோரம் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத வடக்குப் பாறைப் பக்கம் போய்த் தண்ணீரில் இறங்கினாள். மற்றப் பிள்ளைகள் குளிக்கிற தெற்குப்பக்கத்தில் தரை மெல்ல மெல்லத்தான் சரிந்து போகும். வடக்கே நாலு எட்டு வைத்தால் பள்ளம், அதோடு நீரோட்டம் ஆளை வெளியே இழுக்கும். கரைக்கு வந்த பிள்ளைக்கெல்லாம் அது தெரியும். கரைக்கே வராத பிள்ளைக்கு யார் சொல்வது?

நாங்கள் கேட்டது இதுதான். மற்ற நாட்களில் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிற ஓங்கில்கள், அன்றைக்கு நாற்பதும் சேர்ந்து ஒரே பேரைக் கூப்பிட்டன. சின்னதாக, மெதுவாக இறங்குகிற சீட்டி. அமலோற்பவம், அமலோற்பவம், அமலோற்பவம் என்று, மூச்சு விடாமல். சந்தை இரைச்சல் அடங்கிவிட்டது. அமலோற்பவம் நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பிக் கடலைப் பார்த்தாள்.

பாறைக்கு அந்தப் பக்கம், அலை உடைகிற இடத்துக்கும் வெளியே, ஒரு சின்னத் தலை தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் ஓங்கில்கள். குட்டி பிறந்ததும் தாய் அதை முதல் மூச்சுக்காகத் தண்ணீருக்கு மேலே தூக்குமாமே, அப்படி அவளை அடியிலிருந்து தாங்கித் தூக்கிக்கொண்டிருந்தன. அவள் யாருடைய பிள்ளை என்று அவை எப்படித் தெரிந்துகொண்டன என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் பிரகாசி பயந்துபோய் அவற்றை உதறிக்கொண்டு, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் வெளிப்பக்கமாகவே கையடித்துக்கொண்டிருந்தாள். தொம்மை அண்ணனும் மிக்கேலும் வள்ளத்தைத் தள்ள ஓடினார்கள். வள்ளம் மணலில் மேட்டில் கிடந்தது, அதைத் தண்ணீருக்குக் கொண்டுவர நேரமாகும்.

அமலோற்பவம் ஓடிப்போய் அலை விளிம்பில் நின்றாள், "மக்கா, மக்கா" என்று கத்தினாள், காற்று அதைத் திருப்பி எங்கள் முகத்திலேயே அடித்தது. கஸ்தூரி டீச்சர் மூச்சு வாங்க வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"அக்கா, கத்தாதீங்க, கேக்காது. சீட்டி அடிங்க. உங்க சீட்டிய."

"எனக்கு அடிக்கத் தெரியாதே டீச்சர்."

"தாய் அடிச்சாத்தான் குட்டிக்குத் திசை தெரியும். புத்தகத்துல போட்டிருக்கு. அடிங்கக்கா."

அமலோற்பவம் உதட்டைக் குவித்தாள். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது, பஞ்சர் ஆன சைக்கிள் டயர் மாதிரி. இரண்டாவது தடவையும் அப்படித்தான். உதட்டை நாக்கால் நனைத்தாள். அவள் வாய் நடுங்கியது, அதைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது தடவை சீட்டி வந்தது. நாங்கள் தினமும் கடலிலிருந்து கேட்ட அதே சீட்டி, இறங்குகிற இடத்தில் அதே குழைவு. அதைக் கேட்டதும் ஓங்கில்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டன, நாற்பதும், அவள் குரலுக்கு வழிவிட்டது மாதிரி.

அவள் அடித்தாள். அடித்துக்கொண்டே தண்ணீரில் நடந்தாள், முழங்கால், இடுப்பு, மார்பு, சேலை மேலே மிதந்தது, நிற்காமல் அடித்தாள். நான் இங்கே இருக்கேன், நான் இங்கே இருக்கேன்.

பிரகாசியின் தலை திரும்பியது. கரையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த ஓங்கிலை உதறாமல், இந்தத் தடவை அதன்மேல் சாய்ந்துகொண்டாள். அதுவும் நகர்ந்தது. அலைக்கு இந்தப் பக்கம் வந்ததும் அவள் காலை உதைக்க ஆரம்பித்தாள், அவளாகவே, மற்றப் பிள்ளைகள் செய்வதைக் கேட்டு மட்டுமே தெரிந்திருந்தவள். அம்மா அடிக்க, அடிக்க, வந்துகொண்டே இருந்தாள். பாதி வழியில் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலும் உப்புத்தண்ணீருமாகக் கலந்து ஒரு சீட்டி. முதல் பாதி அம்மாவுடையது, மெதுவாக இறங்கியது. கடைசியில் மட்டும் ஒரு துள்ளல், அது யாருடையதும் இல்லை, அவளே போட்டது.

ஓங்கில்கள் அதைக் கேட்டன. பிறகு ஒன்று அதைத் திருப்பிச் சொன்னது. இன்னொன்று சொன்னது. அப்புறம் நாற்பதும் சொன்னது, கடல் முழுக்க அவள் பேர். உபதேசியார் சூசை கரையில் நின்றபடி சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.

அமலோற்பவம் மகளை மார்புத் தண்ணீரில் வைத்து வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிரில் நின்ற ஓங்கில்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அவரைத் தேடிப் பாத்திருப்பீங்க, எனக்குத் தெரியும்," என்றாள். "கிடைக்கல, அதான் இன்னமும் கூப்பிடுதீங்க. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். எம்பிள்ளையத் தூக்கித் தந்துட்டீங்க. நல்லா இருங்க. உங்க பிள்ளையளும் நல்லா இருக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் நன்றி மன்றாட்டு வாசித்தபோது, ஊர், பங்கு, மழை, மீன் என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில், யாரும் கேட்காமலே ஓங்கில்களையும் சேர்த்தார். "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று நாங்கள் சொன்ன சத்தத்தில் புறாக்கள் கோபுரத்திலிருந்து கிளம்பின. தொம்மை அண்ணன் தலைமையில் ஆம்பளைகள் அன்றைக்கே அமலோற்பவத்தின் வீட்டுக் கிழக்கு ஜன்னல்களில் இருந்த ஆணிகளைப் பிடுங்கினார்கள். நான் வடை சுட்டுக் கொண்டுபோனேன். பிரகாசி ஊரிலேயே அதிகமாகத் தின்றாள்.

அப்புறம் அவளுக்கு ஒழுங்காக நீச்சல் சொல்லிக்கொடுத்தோம், தெற்குப்பக்கத்தில், இடுப்பில் டீச்சருடைய கேனைக் கட்டி, ஒரு பெரியவர் கூட இருந்து. வடக்குப் பாறைக்குப் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினோம். இரண்டு மாதத்தில் கேனை அவிழ்த்துவிட்டாள். இப்போது ஓங்கில் நீந்துகிற மாதிரியே உடம்பை வளைத்து அவள் போவதைப் பார்த்தால், இது கரைக்கே வராத பிள்ளை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மதியச் சமையல் நேரம். ஏரல் பக்கத்திலிருந்து கருவாடு வாங்க வந்த ஒருவர் என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார், அமலோற்பவமும் பக்கத்தில் இருந்தாள், இப்போதெல்லாம் கடலைப் பார்த்துத்தான் உட்காருகிறாள். வீட்டில் சோறு வடித்து, மகளுக்குத் தட்டில் போட்டு, ஆற வைத்துவிட்டு வந்திருந்தாள். கடலிலிருந்து சீட்டி வந்தது. பிரகாசி பாவாடையைச் சொருகிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினாள்.

"யாரைக் கூப்பிடுது?" என்று அவர் கேட்டார்.

"எம்மவள," என்றாள் அமலோற்பவம்.

"நீ பாட்டுக்குப் போக விட்டுட்டு உக்காந்திருக்கியேம்மா. பயமில்லையா?"

அமலோற்பவம் தண்ணீரில் இறங்குகிற மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "பயம் இருக்கத்தான் செய்யுது அண்ணாச்சி. கூப்பிட்டா போகட்டும். சோறு ஆறுறதுக்குள்ள வந்துருவா."

வந்துவிட்டாள்.